சுகந்தியின் கூட்டெழுத்துகள்

தனபாலன் ஒட்டவைத்த எழுத்துகளைப் பார்க்காமல் கோயம்புத்தூரில் ஒரு ஆள் ஒரு நாள் நடமாடிவிட முடியாது. கிராஸ்கட் ரோட்டு ஜவுளிக்கடைப் பலகையில் 'ப'வும் 'ட்'டும் ஒரே கோட்டில் புரண்டு புடவை மடிப்பாகத் தொங்குகிறதே, அது எழுத்துரு செய்கிற அவருடைய வேலை. கல்யாணப் பத்திரிகைகளில் மாப்பிள்ளையின் முதலெழுத்தும் பெண்ணின் முதலெழுத்தும் யார் கை யாருடையது என்று தெரியாமல் பின்னிக்கொண்டு நிற்பதும் அவர் ஆரம்பித்து வைத்த வழக்கம்தான். அந்தப் பத்திரிகை ஜோடிகளில் எத்தனை பேர் பிறகு குடும்பநல கோர்ட்டில் நின்றார்கள் என்பதற்கு அவர் பொறுப்பல்ல. தனித்தனியாக நிற்கிற எழுத்தைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். "ரெண்டு எழுத்து பக்கத்துல பக்கத்துல நின்னா அதுங்களுக்குள்ள ஏதோ ஒண்ணு இருக்குதுங்க. அதைக் கண்டுபிடிச்சுக் கோத்துவிடறதுதான் என்ற வேலை" என்பார், டீ ஆறுவதைக்கூடக் கவனிக்காமல்.

பேசத் தெரிந்த மனுஷன். கேட்கத் தெரியுமா என்று அதுவரை யாரும் அவரைச் சோதித்துப் பார்த்ததில்லை.

மனைவி சுகந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் விழுந்தாள். மூளைத் தண்டில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. உயிர் பிழைத்தது, உடம்பில் வேறொன்றும் பிழைக்கவில்லை. விரல் அசையவில்லை, நாக்கு புரளவில்லை. கண் இமைகூட அதுபாட்டுக்கு மூடித் திறந்ததே தவிர, அவள் சொன்னபடி கேட்கவில்லை. ஆனால் உள்ளே ஆள் முழுசாக இருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது, எல்லாம் புரிந்தது. ஸ்கேனைக் காட்டித் தனபாலனிடம் அதைச் சொன்னவர் டாக்டர் மெர்சி. செத்துப்போனால் அழுதுவிட்டுப் போகலாம். உள்ளே உட்கார்ந்துகொண்டிருக்கிறவளை என்ன செய்வது?

அவிநாசி ரோட்டு மருத்துவமனையில் அதற்கும் ஒரு வழி வந்திருந்தது. முடியைவிட மெல்லிய இழைகளை மூளைக்குள் இறக்குவார்கள். கையால் எழுதுவதாக நோயாளி மனசில் நினைத்தால் போதும். எந்த வளைவு, எந்தச் சுழி என்று இழை பிடித்துக்கொண்டு வந்து திரையில் கோடு இழுக்கும். அந்தக் கோட்டை எந்திரம் எழுத்தாக்கி வாய்விட்டுப் படிக்கும். ஏதோ ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் வைத்திருந்தார்கள். வார்டில் எல்லோரும் 'பேனா' என்றுதான் சொன்னார்கள்.

சுகந்தி முதல்முதலாக 'அ' எழுதியபோது வார்டே கைதட்டியது. தனபாலன் வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். ஆனால் அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை.

"ஒவ்வொரு கோட்டுக்கும் மூளை களைச்சுப்போகுது சார்" என்றார் டாக்டர் மெர்சி. "தமிழ் எழுத்துல எத்தனை சுழி, எத்தனை வளைவு! ஒரு வாக்கியம் எழுதி முடிக்கறதுக்குள்ள அன்னைக்கு உண்டான தெம்பு தீந்துடுது. அதுபோக, இழை மேல கொஞ்சம் கொஞ்சமா சதை மூடிக்கிட்டே வருது. நாளாக நாளாக இன்னும் மங்கும்."

தனபாலனுக்கு மூளையில் பல்பு எரிந்தது.

"டாக்டர், 'க்'கும் 'ஷ'வும் பக்கத்துல வந்தா கம்ப்யூட்டர் என்ன பண்ணுது? ரெண்டையும் எடுத்துட்டு 'க்ஷ'ன்னு ஒத்தை உருவத்தை வெக்குது. எழுத்துருவுக்குள்ள ஒரு மாத்து அட்டவணை இருக்குது. இது இது சேந்து வந்தா இதைப் போடுன்னு. ரெண்டெழுத்துக்குப் பண்றதை நான் முழு வார்த்தைக்கே பண்ணிட்டா? ஒரே ஒரு சுழி. அதை அவ நெனச்சா போதும், திரையில முழு வார்த்தை வரும்."

"முடியுமா சார்?"

"என்ன டாக்டர் இப்படிக் கேட்டுட்டீங்க. நான் வேற என்னத்துக்கு இருக்கேன்!"

எந்த வார்த்தைகளைச் சேர்ப்பது என்பதில் அவருக்குக் குழப்பமே வரவில்லை. எழுத்துரு செய்கிறவனுக்கு அது அரிச்சுவடிப் பாடம்: எது அடிக்கடி வருகிறதோ அதற்குத்தான் கூட்டெழுத்து. சுகந்தி அடிக்கடி என்ன சொல்லுவாள்? அதுதான் செல்போனில் கிடக்கிறதே! கல்யாணமான நாள்முதல் அவள் அவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் அத்தனையையும் கொட்டி எண்ணச் சொன்னார். எந்திரம் வரிசைப்படுத்திக் கொடுத்தது. சரிங்க. பரவால்லங்க. ஒண்ணுமில்லங்க. நல்லாருக்கேன். நீங்க சொன்னா சரி. அப்புறம் பாத்துக்கலாம். வர்றப்ப பால் வாங்கிட்டு வாங்க. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். என் சுகந்தி, அப்படியே என் சுகந்தி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு உருவம் வரைந்தார். அவர் ஆயுளில் செய்ததிலேயே அழகான வேலை அதுதான். 'பரவால்லங்க' ஒரு சின்ன அலை. 'சரிங்க' வலதுபக்கம் சாய்ந்து இறங்கும் ஒரே ஒரு கீற்று. இருப்பதிலேயே சுலபமானது, ஏனென்றால் அதுதான் பட்டியலில் முதலில் வந்தது. மருத்துவமனைக் குழு அட்டவணையைப் பார்த்து அங்கீகாரம் கொடுத்தது. சுகந்தி உருவங்களைப் பழகிக்கொண்டாள், அல்லது பழகிக்கொண்டதாகத் திரை சொன்னது. பிறகென்ன, காலையில் தனபாலன் உள்ளே நுழைந்தால் பேச்சுதான்.

"தூங்கினியா கண்ணு?"

"நல்லாருக்கேன்."

"இன்னைக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

"பரவால்லங்க."

ஒருநாள் அவர் அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தபோது எந்திரம் திடீரென்று "வர்றப்ப பால் வாங்கிட்டு வாங்க" என்றது. நர்ஸ் ஃபிலோமினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தனபாலனும் சிரித்தார். "பாத்தியா, இங்க படுத்துட்டும் வீட்டு நெனப்பு" என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மற்றக் கட்டில்காரர்களும் வந்து நின்றார்கள். எங்க அம்மாவுக்கு ஒண்ணு பண்ணித் தாங்க, என் சம்சாரத்துக்கு ஒண்ணு பண்ணித் தாங்க என்று செல்போனை நீட்டினார்கள். பண்ணிக் கொடுத்தார். சீக்கிரத்திலேயே அந்த வார்டில் ஒரே மரியாதையாகிவிட்டது. இவ்வளவு பொறுமையான நோயாளிகளை நான் பார்த்ததே இல்லை என்றார் டாக்டர் மெர்சி.

டாக்டர் எச்சரித்தபடியே இழைகள் மங்க ஆரம்பித்தன. சுகந்தியின் கோடு நடுங்கியது, பாதியில் அறுந்தது. எந்திரம் அடிக்கடி "புரியவில்லை" என்றது. அந்த வார்த்தையைக் கேட்டால் தனபாலனுக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது. ஆகவே குழுவிடம் சொல்லாமல் அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். கோடு கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை, எந்த உருவத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள். இன்னும் மங்கியது. இன்னும் தளர்த்தினார். "புரியவில்லை" அடியோடு நின்றுபோனது.

"வேற வழியில்ல சார்" என்றார் டாக்டர் ஒருநாள். "இடது பக்கம் மறுபடி திறந்து புது இழை இறக்கணும். சுலபமான ஆபரேஷன் இல்ல. உயிருக்கே ஆபத்து இருக்கு. பண்ணலேன்னா இன்னும் கொஞ்ச நாள்ல கோடு மொத்தமா நின்னுடும். முடிவு அவங்களுதுதான். அவங்க வாயாலதான் சம்மதம் வரணும்."

தனபாலன் கட்டிலருகே குனிந்து கேட்டார். ஒரு கணம்கூட ஆகவில்லை.

"நீங்க சொன்னா சரி" என்றது எந்திரம்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம் ஈரோட்டிலிருந்து சுகந்தியின் தங்கை ஹேமலதா வந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர். முதலில் ஐ.சி.யூ.வில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனதுதான். அதற்கப்புறம் பிரசவம், குழந்தை என்று வர முடியவில்லை. போனில் மாமாவிடம் கேட்டுக்கொள்வதோடு சரி. வந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிட்டே குனிந்து, "அக்கா, நம்ம பெரியம்மா இருக்காளே, உன்ற மாம்பழக் கலர் பட்டுப்புடவையை இரவல் வாங்கிட்டுப் போனாளே? அதை அவ மருமக கட்டிட்டுக் கல்யாணத்துல நிக்கறா. கேட்டா 'சுகந்திக்கு இனி எதுக்கு'ன்னா" என்றாள்.

"பரவால்லங்க" என்றது எந்திரம்.

ஹேமா நிமிர்ந்தாள். "என்னது?"

"பரவால்லங்க."

"எனக்கு எதுக்குடி 'ங்க' போடறே? அட கெரகமே! பட்டுப்புடவை போச்சு, இவளாவது பரவால்லன்னு சொல்றதாவது. பெரியம்மா முடியப் பிடிச்சு ஆட்டியிருக்க மாட்டாளா!" தனபாலனிடம் திரும்பினாள். "மாமா, இது அக்கா பேசற பேச்சே இல்லீங்க."

தனபாலனுக்குச் சுருக்கென்றது. "உங்கக்காளை எனக்குத் தெரியாதா ஹேமா? அவ அனுப்பின செய்தியிலிருந்து எடுத்து ஒண்ணொண்ணா நான் கோத்தது."

"யாருக்கு அனுப்பின செய்தி மாமா?"

"எனக்குத்தான்."

ஹேமா அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று மென்று முழுங்குவது தெரிந்தது. "கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்ட மட்டும்தான் அக்கா பரவால்லம்பா. உங்களுக்குப் பரவால்லன்னு மெசேஜ் போட்டுட்டு அடுத்த நிமிசம் எனக்குப் போன் பண்ணுவா. உங்களைத் திட்டாம அவ போனை வெச்ச நாளே கெடையாது. இந்த மனுஷன் பேசிட்டே இருப்பான்டி, ஒரு நாளாச்சும் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டானான்னு கேளும்பா. பாசமாத்தான் திட்டுவா மாமா, பாதி நேரம். பாதி நேரம் அழுவா."

அவள் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போகவேண்டுமென்று நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்டுவிட்டாள். தனபாலன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். ஹேமா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், கையைப் பிசைந்தார். கடைசியில் கையடக்கத் திரையை எடுத்து, தான் பார்த்துப் பார்த்துக் கட்டிய அட்டவணையை நிறுத்தினார். அந்தப் பாழாய்ப்போன சந்தேகத்தைத் தீர்த்துவிட்டால் நிம்மதியாகப் போகலாம் என்றுதான் நிறுத்தினார்.

"சுகந்தி, கூட்டெழுத்தையெல்லாம் எடுத்துட்டேன். இப்ப நீ என்ன எழுதறியோ அது மட்டும்தான் வரும். ஒவ்வொரு எழுத்தா எழுது கண்ணு."

திரையில் வலதுபக்கம் சாய்ந்த ஒரு கீற்று விழுந்தது. அட்டவணை இருந்திருந்தால் 'சரிங்க' என்று எந்திரம் சொல்லியிருக்கும். இப்போது சும்மா இருந்தது. மறுபடி ஒரு கீற்று. மறுபடி ஒன்று. யாரோ அசட்டையாகச் சுவரில் நகத்தால் கீறுவது மாதிரி இருந்தது. என்ன எழுதினாலும் இதுதான் வரப்போகிறது என்று தெரிந்துகொண்டவள் எழுதுகிற கோடு என்று அவருக்குப் புரிய ரொம்ப நேரம் ஆனது. கோடுகளைப் பார்த்தே பிழைத்த மனுஷன்; புரிந்ததும் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நெசமாத்தான் சொல்றேன் சுகந்தி. எடுத்துட்டேன்."

கோடு நின்றது. பிறகு திரையின் ஓரத்தில் ஒரு வளைவு புறப்பட்டது. நடுங்கியது, அறுந்தது, மறுபடி பிடித்துக்கொண்டது. 'மு'. தனபாலன் வாய் தானாக வார்த்தையை முடிக்கப் போனது. பல்லைக் கடித்து அடக்கினார். 'து'. 'கு'.

"முதுகா? முதுகுக்கு என்ன?"

ஃபிலோமினாவைக் கூப்பிட்டு இருவருமாகச் சுகந்தியைப் புரட்டினார்கள். இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண். சதை கருத்து, நடுவில் குழி விழுந்து நீர் வைத்திருந்தது. ஃபிலோமினா முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "தினமும் கேட்டுட்டுத்தானே சார் இருந்தேன். எங்கயாவது வலிக்குதாம்மான்னு தினமும் கேப்பேன். ஒண்ணுமில்லங்கன்னுதானே சொன்னாங்க! அதனாலதான் நான்..." மருந்தெடுக்க ஓடினாள்.

புண்ணைக் கழுவிக் கட்டுகிறவரை தனபாலன் ஆபரேஷனுக்காக மழித்திருந்த அந்தத் தலையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். எத்தனை நாள் இந்தப் புண்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, தான் உளறியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாளோ! மறுபடி திரைக்கு வந்தபோது கோடு தயாராகக் காத்திருந்தது.

'டிவி நிறுத்து'.

காலையில் அவர் போட்டுவிட்டுப் போகிற பக்திச் சேனல் அது. அவளுக்குப் பிடிக்குமென்று அவரே நினைத்துக்கொண்டது. பாய்ந்துபோய் ஒயரையே பிடுங்கி எறிந்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் எதையும் நிறுத்து என்று சொன்னதில்லை. "இன்னும் சொல்லு சுகந்தி. திட்டு. எல்லாத்தையும் சொல்லு." இப்படி ஒருத்தியோடா குடும்பம் நடத்தினோம், இவளோடு ஒருநாள்கூடப் பேசாமல் போனோமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் கோடு மெலிந்துகொண்டே வந்தது. டாக்டர் சொன்ன தெம்பு தீர்ந்துகொண்டிருந்தது. கேட்க வேண்டியதை உடனே கேட்டாக வேண்டும்.

"நாளைக்கு ஆபரேஷன். புது இழை வெச்சா நீ எவ்வளவு வேணா பேசலாம். சரிதானே?"

ஒவ்வொரு எழுத்தாக வந்தது. அவசரமில்லாமல், ஒரு சுழியைக்கூட விடாமல் வந்தது.

'வேண்டாம்'.

"என்ன சுகந்தி இப்படிச் சொல்றே? பண்ணலேன்னா நீ மறுபடி பேசவே முடியாதும்மா!"

திரையில் கோடு தட்டுத்தடுமாறி ஏறியது. பாதி எழுத்துகளுக்குக் கால் இல்லை, கொம்பு இல்லை. எந்திரத்தால் படிக்க முடியவில்லை. தனபாலன் படித்தார்.

'இத்தனை நாள் பேசினது யாரு'.

அதோடு கோடு படுத்துவிட்டது. அவர் எவ்வளவு கெஞ்சியும் அன்றைக்கு எழவில்லை.

டாக்டர் மெர்சியிடம் போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் தனபாலன் கிளம்பினார். அறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே ஆள் இருந்தது, காத்திருந்தார். காத்திருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. அதை எண்ணம் என்று சொல்வதா, பைத்தியம் என்று சொல்வதா தெரியவில்லை. நேற்றைக்கு அவள் வேண்டாமென்றிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார். நேற்றுவரை அவர் இழக்கப்போவது 'பரவால்லங்க' மட்டும்தான். இன்றைக்குத்தானே அவள் வாயைத் திறந்தாள்! மொத்தமாக ஏழெட்டு வார்த்தை. அதையும் கேட்டுவிட்டு இத்தோடு போதுமென்று எப்படி விடுவது? அவள் திட்டவேண்டியது எவ்வளவு பாக்கி இருக்கிறது! வலியில் வேண்டாமென்கிறாள், கோபத்தில் வேண்டாமென்கிறாள். பேச்சு திரும்பி வந்தால் அவளே சந்தோஷப்படுவாள். ஆமாம், நிச்சயம் சந்தோஷப்படுவாள்.

செல்போன் அடித்தது. ஹேமா. பஸ் இரைச்சலுக்கு நடுவில் கத்தினாள். "மாமா, மனசு கேக்கல. அக்காகிட்ட இன்னொருக்கா நல்லா விசாரிச்சுக்குங்க. அவளுக்கு நெசமாவே சம்மதந்தானாமா?"

"கேட்டேன் ஹேமா" என்றார் தனபாலன். "சரின்னுட்டா."

டாக்டரின் கதவு திறந்தது. அவர் எழுந்து வார்டுக்குத் திரும்பிப் போனார். அட்டவணையைப் பழையபடி போட்டார்.

மறுநாள் காலை சம்மதம் வாங்க வந்தார்கள். டாக்டர் மெர்சி, இரண்டு சாட்சிகள், கேமரா. விதி தெளிவாக இருந்தது: குழு அங்கீகரித்த அட்டவணையோடுதான் பேனா இயங்கவேண்டும். யாரும் எதையும் மாற்றி வைத்துவிடக்கூடாது என்று நோயாளியின் நன்மைக்காகப் போட்ட விதி.

"சுகந்தி அம்மா, இந்த ஆபரேஷன்ல உயிருக்கு ஆபத்து இருக்குன்னு சொல்லியிருக்கோம். உங்களுக்குச் சம்மதமா?"

திரையின் மூலையில், கட்டைவிரல் அளவுக்கு, அட்டவணை தொடாத மூலக்கோடு ஓடும் ஒரு கட்டம் உண்டு. யாரும் அதைப் பார்ப்பதில்லை. தனபாலன் பார்த்தார். மேலே சுழித்து, கீழே இறங்கி, பக்கத்தில் வளைந்து ஒரு கொம்பு எழும்பியது. 'வே' என்பதன் தலை. இரவெல்லாம் சேர்த்துவைத்த தெம்பை எல்லாம் அதில் போட்டிருந்தாள். இரண்டாவது எழுத்துக்குப் போவதற்குள் கோடு தளர்ந்து வலதுபக்கம் சாய்ந்தது. அவர் தளர்த்திவைத்திருந்த அட்டவணை அதை லபக்கென்று பிடித்துக்கொண்டது.

"சரிங்க" என்றது எந்திரம், அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த இனிமையான குரலில்.

டாக்டர் மெர்சி புன்னகைத்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமா சார்?"

தனபாலன் வாயைத் திறந்தார். வாழ்நாள் முழுக்க வாய் ஓயாத மனுஷனுக்கு அந்த ஒரு நேரம் பேச்சு வரவில்லை. இல்லையென்று தலையாட்டிவிட்டு, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் பிரமாதமாக முடிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. புது இழைகள் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டன. கட்டுப் பிரித்த அன்றைக்குத் தனபாலன் செய்த முதல் காரியம், அட்டவணையை மொத்தமாக அழித்ததுதான். மற்ற கட்டில்காரர்களுக்குச் செய்துகொடுத்ததையும் அழிக்கப்போனார். "எங்கம்மா நல்லாத்தானே பேசிட்டிருக்காங்க, உங்களுக்கென்ன வந்துச்சு?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். அவர்களிடமும் அவரால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. டாக்டர் காதில் போட்டால் தன் குட்டு வெளிப்பட்டுவிடும். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார்.

சுகந்தியின் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "எல்லாம் எடுத்துட்டேன் கண்ணு. இனி நீ பேசு, நான் குறுக்க வரமாட்டேன். சத்தியமா."

கோடு ஆடாமல் அசையாமல் கிடந்தது. அன்றைக்கு முழுக்கக் கிடந்தது. மறுநாளும் கிடந்தது. ஆபரேஷன் கெட்டுவிட்டது, என் அவசரத்தில் அவளைக் கொன்றுவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்.

டாக்டர் மெர்சி இழைகளைச் சோதித்துவிட்டு வந்தார். அவர் முகத்தில் ஒரு சங்கடம். "கோளாறு ஒண்ணும் இல்ல சார். ரொம்ப நல்லா எழுதறாங்க. ஃபிலோமினாகிட்டக்கூடக் காலையில நிறையப் பேசியிருக்காங்க." சற்றுத் தயங்கினார். "உங்ககிட்ட எழுதலியா?"

அதற்கடுத்த வாரம் ஹேமா குழந்தையோடு வந்தாள். தனபாலன் மருந்துக்கடைக்குப் போய்விட்டு வராந்தாவில் வந்துகொண்டிருந்தபோது சுகந்தியை மாற்றியிருந்த தனி அறைக்குள் எந்திரத்தின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி ஓடியது. 'பெரியம்மாகிட்டப் போய்ச் சொல்லு, புடவையைத் துவைச்சுத் தேச்சு இங்க கொண்டுவந்து வெக்கணும். கால் இல்லேன்னா வாயும் இல்லேன்னு நெனச்சாளா? அவ மருமக நிச்சயதார்த்தத்துல என்ன கூத்து நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாதுல்ல? கேளு சொல்றேன்.' ஹேமா விழுந்து விழுந்து சிரித்தாள். குழந்தையும் கூடச் சேர்ந்து கத்தியது. தனபாலன் அப்படியே நின்றுவிட்டார். அவள் அவ்வளவு வேகமாகப் பேசக்கூடியவள் என்பது அவருக்குத் தெரியாது. தாங்க முடியாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

குரல் பாதி வார்த்தையில் நின்றது.

ஹேமா அவரைப் பார்க்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அக்கா சொல்லியிருந்தாள்.

"நிறுத்தாதே சுகந்தி" என்றார் தனபாலன். குரல் உடைந்தது. "நான் பண்ணினது பாவம்தான். என்னைத் திட்டியாச்சும் விடு. ஒரே ஒரு வார்த்தை."

திரையில் கோடு நேராகக் கிடந்தது. சுகந்தியின் இமைகள் அதுபாட்டுக்கு மூடின, திறந்தன. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஹேமா குழந்தையின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். மின்விசிறி சுற்றியது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து ஹேமா தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு இன்னும் சித்தெ நேரத்துல பஸ்ஸுங்க மாமா" என்றாள். "அக்கா பாதிக் கதையில நிக்கறா."

தனபாலன் அந்தத் திரையைப் பார்த்தார். பிறகு, மருந்துப் பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். வெளியே வந்து கதவை நன்றாகச் சாத்தினார்.

அவர் செருப்பை இழுத்து நடந்து வராந்தாவின் அந்தக் கோடிவரை போனபிறகுதான் உள்ளே அவள் மறுபடி பேச ஆரம்பித்தாள்.